கரும்புத் தோட்டத்தில் இறந்த காட்டுப்பூனையும் ‘புதிய வைரஸ்’ என்ற ஐயமும்

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். கரும்பு வெட்டும்போது அவர் தோட்டத்தில் ஒரு காட்டுப்பூனை இறந்து கிடந்தது. அடுத்த பத்து நாளுக்குள் அவர் வீட்டுப்பூனை வாந்தியும் இரத்தக் கழிசலுமாகக் கிடந்து இறந்துபோனது. கடலூரில் மருத்துவர் கிட் பரிசோதனை செய்து, குடலைத் தாக்கும் வைரஸ் நோயான ‘பார்வோ’ என்றார். காட்டில் வாழும் பூனை இனங்களில் புதிய வைரஸ்களைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று செய்தியில் படித்திருந்த நண்பருக்கு, அந்தக் காட்டுப்பூனை ஏதோ ஒரு புதிய வைரஸைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டதோ என்ற அச்சம். ஒரு வைரஸைப் புதியது என்று யார், எதைக் கொண்டு முடிவு செய்கிறார்கள் என்றும் கேட்கிறார். இதற்குள் தனித்தனியான மூன்று கேள்விகள் இருக்கின்றன: கிடைத்த வைரஸ் உண்மையில் அந்த விலங்குக்கு உரியதா, அது இதுவரை அறியப்படாததா, இறப்புக்கு அதுதான் காரணமா. மூன்றுக்கும் வெவ்வேறு சான்றுகள் வேண்டும். ஒன்றை நிறுவியதும் மற்ற இரண்டும் நிறுவப்பட்டதாக எண்ணிக்கொள்வதிலிருந்துதான் இத்துறையின் குழப்பங்களில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

நான் கால்நடை மருத்துவம் படித்து, பின்னர் நோயறிதல் ஆய்வகத்தில், பெரும்பாலும் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பகுதிகளிலிருந்து வரும் மாதிரிகளோடு பல ஆண்டுகள் வேலை செய்தவன். அந்தப் பழக்கத்திலிருந்தும் படித்ததிலிருந்தும் சொல்கிறேன். இறந்த இரண்டு விலங்குகளின் மாதிரியும் கையில் இல்லாமல் அவற்றைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல முடியும் என்ற எல்லையைப் பதில் முழுவதும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிட் சொன்னதை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்களில் பூனைக்குப் பார்வோ பார்க்கப் பயன்படும் கிட் பல நேரங்களில் நாய்க்காகச் செய்யப்பட்டதுதான். அது பூனையின் வைரஸையும் காட்டுகிறது என்பது தற்செயல் அன்று. பூனைகளுக்கு இந்த நோயைத் தரும் பான்லுகோபீனியா வைரஸும் நாய்களின் பார்வோ வைரஸும் வகைப்பாட்டின்படி ஒரே சிற்றினம்; அதன் இன்றைய பெயர் புரோட்டோபார்வோவைரஸ் கார்னிவோரன்1. ஏறத்தாழ ஐயாயிரத்து நூறு எழுத்துகள் கொண்ட அந்தச் சிறிய டிஎன்ஏவில், மேலுறைப் புரதமான விபி2-இன் 93, 103, 323 முதலிய சில இடங்களில் அமினோ அமிலங்கள் மாறியிருப்பதுதான் இரண்டுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு. அந்தச் சில மாற்றங்களே வைரஸ் எந்த விலங்கின் செல்லுக்குள் நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. 1978-இல் உலகெங்கும் நாய்களிடையே பரவிய முதல் வடிவத்தால் பூனையைத் தொற்ற முடியவில்லை. ஓரிரு ஆண்டுகளில் அதன் இடத்தைப் பிடித்த அடுத்த வடிவம் பூனையைத் தொற்றும் திறனைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆகவே கிட்டில் இரண்டாவது கோடு விழுந்தால் இந்தச் சிற்றினத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ் இருந்தது என்று உறுதியாகக் கொள்ளலாம். அது பூனை வழி வந்ததா, தெருநாய் வழி வந்ததா என்பதைக் கிட் சொல்லாது. விபி2 மரபணுவை வரிசைப்படுத்தி, அதாவது அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தால்தான் தெரியும். கிட் காட்டியது நூறு ஆண்டுகளாக அறியப்பட்ட நோயையே. உங்கள் வீட்டுப்பூனையின் இறப்பை விளக்கப் புதிய வைரஸ் எதுவும் தேவைப்படவில்லை.

இனி, புதியதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது. பழைய வழி, நோயிலிருந்து தொடங்குவது. 1986-இல் கலிபோர்னியாவின் பெட்டலூமா என்ற ஊரில் பல பூனைகளை ஒன்றாக வளர்த்த ஓர் இடத்தில், ஒரு தடுப்புக்குள் இருந்த பூனைகள் மட்டும் எய்ட்ஸ் போன்ற நலிவால் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. 1964-இல் வில்லியம் ஜாரெட் கண்டறிந்திருந்த பூனை லுகேமியா வைரஸ் அவற்றில் இல்லை. நீல்ஸ் பெடர்சன், ஜேனட் யமமோட்டோ ஆகியோர் அவற்றின் இரத்த வெள்ளணுக்களை வளர்ப்பில் வைத்து, அதில் பெருகிய வைரஸை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, அதன் நொதியின் இயல்பைச் சோதித்து, 1987-இல் வெளியிட்டார்கள். அதுவே இன்று எஃப்ஐவி என்று எல்லாக் கால்நடை மருத்துவருக்கும் தெரிந்த, பூனையின் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் வைரஸ். நோயுற்ற விலங்கு, வளர்ப்பில் பெருகிய வைரஸ், அதைச் செலுத்திய நலமான விலங்கில் திரும்பத் தோன்றிய தொற்று என்று மூன்றும் அங்கே கைவசம் இருந்தன.

காட்டில் வாழும் பூனைகளில் அந்த வசதி கிடைப்பதில்லை. எஃப்ஐவிக்கான சோதனை வந்தபின், சேமித்து வைத்திருந்த ஆப்பிரிக்கச் சிங்கங்களின் இரத்தநீரையும் அமெரிக்கப் பூமாக்களின் இரத்தநீரையும் அதில் வைத்துப் பார்த்தார்கள், எதிர்ப்பொருள்கள் இருந்தன. இது ஒரு தடயம் மட்டுமே. எதிர்ப்பொருள் தனக்கு உரிய வைரஸோடு மட்டுமன்றி அதன் உறவு வைரஸோடும் ஓரளவு ஒட்டும். ஆகவே ‘சிங்கத்துக்குப் பூனையின் எஃப்ஐவி வந்துவிட்டது’ என்று அப்போதே முடிவு செய்திருந்தால் தவறாகியிருக்கும். பின்னர் ‘பால்’ (pol) என்ற வைரஸ் மரபணுவின் ஒரு துண்டைப் பெருக்கி வரிசைப்படுத்தியபோது, சிங்கத்தின் வைரஸும் பூமாவின் வைரஸும் வீட்டுப்பூனையுடையதிலிருந்து வெகுதொலைவு விலகி, தத்தம் விலங்கில் நெடுங்காலமாகக் குடியிருப்பவை என்பது வெளிப்பட்டது. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் வளர்ந்த சிங்கங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது உண்டு. அதே காலத்தில் சோதிக்கப்பட்ட, குஜராத்தின் கீர் காட்டு ஆசியச் சிங்கங்களில் அது காணப்படவில்லை. ஒரே இனத்தின் இரண்டு கூட்டங்களுக்குள்ளேயே இப்படி இருக்கும்போது, ஒரு நாட்டுக் காட்டுப்பூனையில் கண்டதை இன்னொரு நாட்டுக் காட்டுப்பூனைக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது.

அடுத்த வழி, ஒரு வைரஸ் குடும்பத்தில் எல்லா உறுப்பினரிடமும் மாறாமல் இருக்கும் மரபணுப் பகுதியைக் குறிவைத்து, அதில் ஒட்டிக்கொள்ளும் பொதுவான பிரைமர்கள் என்ற சிறு டிஎன்ஏ துண்டுகளைக் கொண்டு பிசிஆர் செய்வது, அதாவது அந்தப் பகுதியைப் பல மடங்கு நகலெடுப்பது. 2014-இல் வட அமெரிக்காவில் வீட்டுப்பூனை, பாப்கேட் எனப்படும் சிறு லின்க்ஸ், பூமா ஆகியவற்றின் இரத்தத்தில் இவ்வாறு தேடி, அதுவரை அறியப்படாத காமா ஹெர்பீஸ் வைரஸ்கள் மூன்றைக் கண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அது கிடைத்த விலங்கின் பெயரையே வைத்தார்கள். ஆனால் பாப்கேட்டின் பெயர் பெற்ற வைரஸ் பூமாக்களிலும் இருந்தது. இரண்டும் ஒரே காட்டில் வாழ்கின்றன, பூமா பாப்கேட்டைக் கொல்வதும் உண்டு. பெயரில் இருக்கும் விலங்கு வைரஸ் முதலில் பிடிபட்ட விலங்கு என்றுதான் கொள்ள வேண்டும். அதன் இயல்பான இருப்பிடம் எது என்பது பல இடங்களில், பல ஆண்டுகள் மாதிரி எடுத்தபின்தான் தெளிவாகும்.

இப்போது பரவலாகிவிட்ட மூன்றாவது வழி, எதையும் குறிவைக்காமல் மாதிரியில் உள்ள மரபுப்பொருள் அனைத்தையும் படித்துவிடுவது. மெட்டாஜீனோமிக்ஸ் என்பார்கள். மாதிரியை மிக நுண்ணிய வடிகட்டியில் செலுத்தி, வைரஸ் உறைக்கு வெளியே மிதக்கும் டிஎன்ஏ, ஆர்என்ஏவை நொதியால் அழித்து, எஞ்சியதைப் பெருக்கி வரிசைப்படுத்துகிறார்கள். கிடைக்கும் கோடிக்கணக்கான துண்டுகளைக் கணினி ஒட்டிச் சேர்த்து, தெரிந்த வைரஸ்களோடு ஒப்பிடுகிறது. புலி, சிறுத்தை போன்றவற்றை மயக்க ஊசி போட்டுப் பிடிக்காமலே எச்சத்திலிருந்து, அதாவது மலத்திலிருந்து, வைரஸ் தேடலாம் என்பது இதன் பெரும் நன்மை. இதன் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. காட்டுப்பூனையின் எச்சத்தில் அது தின்ற வயலெலியின் வைரஸ் இருக்கும், அந்த எலி தின்ற பயிரின் வைரஸ் இருக்கும், குடலில் வாழும் பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ்கள் எல்லாவற்றையும்விட மிகுதியாக இருக்கும். எச்சமே காட்டுப்பூனையுடையதுதானா, அல்லது நரி, மரநாய், தெருநாய் ஆகியவற்றில் ஒன்றுடையதா என்பதையும் அதிலுள்ள மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைக் கொண்டு உறுதி செய்யாமல் மேலே போகக் கூடாது. உறுப்புத் திசுவிலோ இரத்தத்திலோ மீண்டும் கண்டறியப்படாதவரை, எச்சத்தில் கிடைத்ததைப் ‘பூனையின் வைரஸ்’ என்று நான் எழுத மாட்டேன்.

இன்னொரு ஆபத்து ஆய்வகத்துக்குள்ளேயே இருக்கிறது. 2013-இல் மஞ்சள் காமாலை நோயாளிகளின் இரத்தநீரில் கிடைத்ததாகக் கருதப்பட்ட ஒரு புதிய பார்வோ வகை வைரஸ், மரபுப்பொருளைப் பிரிக்கப் பயன்படும் சிலிக்கா குழாய்களிலிருந்தே வந்தது என்று மற்றொரு குழு நிறுவியது. மாதிரி எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரை அதே குழாயில் ஓட்டியபோதும் அந்த வைரஸின் டிஎன்ஏ கிடைத்தது. மனித மருத்துவத்தின் சிறந்த ஆய்வகங்களுக்கே இது நேர்ந்தது என்பதால்தான், ஒவ்வொரு தொகுதியோடும் வெற்று மாதிரி ஒன்றை ஓட்ட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். பூனைகளுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வீட்டுப்பூனையும் அதன் நெருங்கிய உறவினங்கள் சிலவும் லுகேமியா வைரஸின் பழைய பிரதிகளைத் தம் சொந்த டிஎன்ஏவிலேயே பரம்பரையாகச் சுமக்கின்றன. சிங்கத்திலும் பூமாவிலும் அவை இல்லை. நம் காட்டுப்பூனை வீட்டுப்பூனையோடு ஒரே பெலிஸ் பேரினத்தைச் சேர்ந்தது. அதில் லுகேமியா வைரஸின் வரிசை கிடைத்தால், அது வெளியிலிருந்து தொற்றியதா, பிறப்போடு வந்ததா என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். நம் மண்ணோடு தொடர்புள்ள ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். உலகின் மிகச் சிறிய பூனைகளில் ஒன்றான துருப்புள்ளிப் பூனைக்கு 1831-இல் இசிடோர் ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர் அறிவியல் பெயர் சூட்டியது புதுச்சேரியிலிருந்து சென்ற ஒரு மாதிரியை வைத்துத்தான். விலங்கைப் பொறுத்தவரை தோலும் மண்டையோடும் அருங்காட்சியகத்தில் இருக்கும். ஐயம் எழுந்தால் யாரும் போய்ப் பார்க்கலாம். வைரஸுக்கு அப்படி ஓர் உடல் இல்லை. 1966-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு வைரஸ் வகைப்பாட்டுக் குழுதான் சிற்றினம், பேரினம், குடும்பம் முதலியவற்றை ஏற்கிறது. ஆய்வாளர் முன்மொழிவார், அந்தக் குடும்பத்துக்குரிய வல்லுநர் குழு ஆராயும், பின்னர் உறுப்பினர் வாக்கெடுப்பில் அது உறுதியாகும். 2017-இல் வெளியான ஒரு கருத்தொற்றுமைக்குப் பின், வளர்ப்பில் பெருக்கப்படாமல் வரிசையாக மட்டுமே அறியப்பட்ட வைரஸையும், முழு மரபணுத்தொகுதி நம்பத்தக்கதாக இருந்தால், ஏற்கிறார்கள். 2021 முதல் சிற்றினப் பெயர் இரண்டு சொற்களில் அமைய வேண்டும் என்பது விதி. எஃப்ஐவி இன்று லென்டிவைரஸ் ஃபெலிம்டெஃப், நாய்களைக் கொல்லும் தொற்றுநோயான டிஸ்டெம்பரின் வைரஸ் மார்பில்லிவைரஸ் கேனிஸ்.

‘எவ்வளவு வேறுபட்டால் புதியது’ என்பதற்கு எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான ஒரே அளவுகோல் இல்லை. பார்வோ குடும்பத்தில் என்எஸ்1 என்ற புரதம் 85 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருந்தால் ஒரே சிற்றினம். மருக்களை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ்களில் எல்1 மரபணு, அறியப்பட்ட எந்த வகையிலிருந்தும் 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் புதிய வகை. இந்த எண்கள் மனிதர்கள் ஒப்புக்கொண்ட கோடுகள். எல்லைக்கு அருகே விழும் வைரஸைப் பற்றி வல்லுநர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். செய்திகளில் வரும் ‘புதிய வைரஸ்’ என்பது பல நேரங்களில் புதிய சிற்றினமாக இருப்பதில்லை. தெரிந்த சிற்றினத்தின் ஒரு புதிய வடிவமாகவோ, தெரிந்த வைரஸ் முதன்முறையாக ஒரு புதிய விலங்கில் காணப்பட்டதாகவோ இருக்கும்.

வகைப்பாடு வெறும் பெயரிடல் அன்று என்பதற்குப் பாப்பிலோமா வைரஸ்களே நல்ல சான்று. ஆசியச் சிங்கம், பனிச்சிறுத்தை, பாப்கேட், பூமா, வீட்டுப்பூனை ஆகிய ஐந்தின் பாப்பிலோமா வைரஸ்களை 2007-இல் ஒப்பிட்டபோது, எது எதிலிருந்து பிரிந்தது என்று காட்டும் வைரஸ்களின் கிளைமரமும் பூனைகளின் கிளைமரமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. பூனை இனங்கள் பிரிந்தபோதே வைரஸ்களும் உடன் பிரிந்து, பல பத்து இலட்சம் ஆண்டுகள் கூடவே வந்திருக்கின்றன. ஒரு விலங்குக்கு ‘உரிய’ வைரஸ் என்று தயக்கமின்றிச் சொல்ல இப்படிப்பட்ட சான்று வேண்டும். பார்வோவிலோ டிஸ்டெம்பரிலோ இந்தப் பொருத்தம் கிடைக்காது. அவற்றின் கிளைமரம் எந்த விலங்கு எந்த விலங்கை எங்கே சந்தித்தது என்பதைத்தான் காட்டும்.

அப்படிச் சந்திப்பால் நேர்ந்த பெருந்துயரங்கள் நமக்குத் தெரிந்தவை. 1994-இல் செரெங்கெட்டியின் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாய் டிஸ்டெம்பரால் இறந்தது. 2018-இல் கீர் காட்டின் தல்கானியா பகுதியில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது அதே வைரஸ் கண்டறியப்பட்டது. ஆனால் இறப்புக்கு வைரஸ் மட்டுமே காரணமா என்ற மூன்றாவது கேள்வியை இங்கே கவனியுங்கள். செரெங்கெட்டியில் மற்ற ஆண்டுகளிலும் டிஸ்டெம்பர் வந்து, அவ்வளவு இறப்பின்றிப் போயிருக்கிறது. 1993-இன் வறட்சியில் மெலிந்த காட்டெருமைகள்மேல் உண்ணிகள் பெருகி, அவற்றைத் தின்ற சிங்கங்களுக்கு பாபிசியா என்ற இரத்த ஒட்டுண்ணி மிகுதியாக ஏறியிருந்த நிலையில், டிஸ்டெம்பர் எதிர்ப்பாற்றலைக் குறைத்ததே பேரிறப்புக்குக் காரணம் என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. கீரிலும் இறந்த சில சிங்கங்களில் உண்ணிவழி ஒட்டுண்ணி இருந்தது. 2012-இல் ஹாங்காங்கின் தெருப்பூனைகளில் கண்டறியப்பட்ட பூனை மார்பில்லிவைரஸ் சிறுநீரக நோயை உண்டாக்குகிறதா என்ற விவாதமும், ஆதரவாகவும் எதிராகவும் ஆய்வுகள் வந்தவண்ணம், இன்னும் முடியவில்லை. வைரஸ் இருந்தது என்பதும் வைரஸ் கொன்றது என்பதும் ஒன்றல்ல; திசுவில் புண் இருக்கும் அதே இடத்தில் வைரஸும் இருப்பதைக் காட்டினால்தான் இரண்டையும் இணைக்கத் தொடங்கலாம்.

எந்தத் திசையில் பரவுகிறது என்பதில் என் கருத்து உறுதியானது. ஆவணப்படுத்தப்பட்ட நிகழ்வுகளில் பெரும்பாலும் நோய் நம் பக்கமிருந்துதான் காட்டுக்குப் போயிருக்கிறது. ஃபுளோரிடாவின் பூமாக்களுக்கு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் லுகேமியா வைரஸ் வீட்டுப்பூனையிடமிருந்து வந்தது. ஸ்பெயினில் அழிவின் விளிம்பிலிருந்த ஐபீரிய லின்க்ஸ் கூட்டத்திலும் 2007-இல் அதே வைரஸ் புகுந்து உயிர்களைப் பறித்தது. வண்டலூர் பூங்காவில் 2021 ஜூன் மாதம் சிங்கங்கள் கொரோனாவால் நோயுற்று, நீலா என்ற பெண்சிங்கம் இறந்தபோது, போபால் ஆய்வகத்தில் வரிசைப்படுத்திய வைரஸ் அப்போது மனிதரிடையே பரவிக்கொண்டிருந்த டெல்டா வடிவமாகவே இருந்தது.

உங்கள் தோட்டத்துக் காட்டுப்பூனையைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. பான்லுகோபீனியாவின் நோயரும்பு காலம், அதாவது தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்றும்வரை உள்ள காலம், பொதுவாக இரண்டிலிருந்து பத்து நாள் என்பதால், நீங்கள் சொல்லும் கால இடைவெளி இரண்டு இறப்புக்கும் ஒரே வைரஸ் என்ற எண்ணத்துக்கு இடம் தருகிறது; அதை நிறுவிவிடவில்லை. கரும்பு வயலில் எலிகளை நம்பி வாழும் காட்டுப்பூனை எலிமருந்து தின்ற எலியைத் தின்று இறந்திருக்கலாம், நாய்கள் கடித்து இறந்திருக்கலாம். பார்வோ என்றே வைத்துக்கொண்டாலும், தெருவில் தடுப்பூசி போடாத நாய்களும் பூனைகளும் நிறைந்திருக்கும்போது, வைரஸ் ஊரிலிருந்து வயலுக்குப் போயிருக்கவே வாய்ப்பு மிகுதி. இந்தப் பார்வோ வைரஸ் மனிதரைத் தொற்றாது என்பது ஐயமற்றது. வெறிநோயை மட்டும் ஒருபோதும் ஒதுக்கிவிடக் கூடாது; உங்கள் வீட்டில் யாரையாவது அந்தக் காட்டுப்பூனையோ வீட்டுப்பூனையோ கடித்தோ கீறியோ இருந்தால், இன்றே காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனையில் தடுப்பூசியைத் தொடங்குங்கள்.

இன்னொரு முறை இப்படி ஒரு காட்டுப்பூனை இறந்து கிடந்தால், வெறுங்கையால் தொடாமல், நாய்களை அண்டவிடாமல், அன்றே வனத்துறைக்குத் தெரிவியுங்கள். அது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் விலங்கு. மாதிரி எடுப்பது அவர்கள் அழைத்துவரும் கால்நடை மருத்துவரின் வேலை. சித்திரை வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே ஆர்என்ஏ சிதையத் தொடங்கிவிடும் என்பதால் விரைவு முக்கியம். எங்களிடம் வந்த மாதிரிகளில் பல, நல்லெண்ணத்தோடு முழுவதையும் ஃபார்மலினில் போட்டு அனுப்பியதால் வைரஸ் வளர்ப்புக்குப் பயனற்றுப் போயின. ஒரு துண்டு ஃபார்மலினில் திசு ஆய்வுக்கும், இன்னொரு துண்டு பனிக்கட்டியில் அல்லது ஐம்பது விழுக்காடு கிளிசரால் கலந்த உப்புக்கரைசலில் வைரஸ் ஆய்வுக்கும் போக வேண்டும். உங்கள் பூனையின் மல மாதிரி அந்தக் கடலூர் மருத்துவரிடம் உறைநிலையில் இன்னும் இருந்தால், புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ சென்னை மாதவரத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்திலோ விபி2 வரிசைப்படுத்த முடியுமா என்று அவர் வழியாகக் கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டைப் பொறுத்தவரை, பினாயில் இந்த வைரஸை ஒழிக்காது. அத்துடன் பினால் சேர்ந்த பொருள்கள் பூனைக்கு நஞ்சு. பூனை படுத்த இடத்தையும் பாத்திரங்களையும் முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, பின்னர் ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு முப்பது பங்கு நீர் கலந்து பத்து நிமிடமாவது ஊறவிட்டுத் துடையுங்கள். துணி, கோணிப்பை போன்றவற்றை எரித்துவிடுவது நல்லது, ஏனெனில் நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் இது ஓராண்டு வரையிலும் உயிர்ப்போடு இருக்கும். வேறு பூனைக்குட்டி எடுப்பதாக இருந்தால், ஆறு முதல் எட்டு வார வயதில் கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, பதினாறு வாரம் நிறையும்வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டு முடித்த பிறகே அந்த வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். தோட்டத்தைக் காக்கும் நாய்க்கும் பார்வோ, டிஸ்டெம்பர், வெறிநோய்த் தடுப்பூசிகளை இந்த மாதமே போட்டுவிடுங்கள்.